எத்தியோப்பியா வாத்தியாரின் பேரம்

காஞ்சிபுரத்தில் எங்கள் பட்டுக்கடைக்கு அறுபதுகளில் வந்த அந்த ஒல்லி மனிதர், எத்தியோப்பியாவில் ஆங்கில வாத்தியார். விடுமுறைக்கு வந்திருந்தார். சித்திரை வெயிலிலும் கம்பளிக் கோட்டைக் கழற்றவில்லை. மனைவி எடுத்த அரக்குப் புடவைக்கு இரண்டு மணி நேரமாகப் பேரம் பேசினார்.

“வெளிநாட்டுச் சம்பளம் வாங்கிக்கினு இப்படிக் கசக்கிப் பிழியறீங்களே சார்?” என்றேன்.

“அங்க அவங்க பாஷையில எனக்குப் பேரம் பேச வராதுப்பா. பேசாம வாங்க மனசும் வராது. அதனால நாலு வருஷமா ஒண்ணுமே வாங்கல. அப்படிச் சேந்த பணம்தான் இது.”

களைத்துப்போய், அவர் கேட்ட விலைக்கே சம்மதித்தேன். அவர் முகம் வாடிவிட்டது.

“அதுக்குள்ள ஒத்துக்கினியேப்பா!”

பார்க்கப் பாவமாக இருந்தது. “கட்டுப்படியாகாது சார்” என்று மறுபடியும் ஆரம்பித்தேன்.

அவர் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பாயில் நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.