நாற்பத்தொன்றாம் பதிவில் இரண்டு பேர்

குற்றச்சாட்டு: 2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை காலை 9.40 மணிக்கு, இந்தோனேசியாவின் மகாசர் துறைமுக நகரில், மீன் சந்தை வாசலில், வாடகை மோட்டார்சைக்கிள் ஓட்டும் சங்கல, தான் செய்யாத திருட்டுக்காகத் தலைக்கவசத்தாலும் சங்கிலியாலும் தாக்கப்பட்டார். வலது மணிக்கட்டு முறிந்தது. முன்பற்கள் இரண்டு போயின. எக்ஸ்ரே, இணைப்பு ஒன்று.

அடித்தவன் சக ஓட்டுநர் பாசோ, முந்தின நாள்வரை அவர் பக்கத்தில் உட்கார்ந்து சூப் குடித்தவன்.

"பாசோ, நான்டா! முகத்தைப் பாரு!"

"பாத்துட்டுத்தான்டா அடிக்கிறேன். என் வண்டியத் தூக்கின மூஞ்சி போன்லயே இருக்கு!"

சங்கல ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். சவாரிக்குக் காத்திருந்த நேரங்களில் கைபேசியிலேயே நிரல் எழுதக் கற்றவர். ஒரு துண்டுக் காகிதத்தையும் எறியாதவர். உறுப்பினர் விவரங்களையும் திருட்டுச் செய்திகளையும் பதிய ஓட்டுநர் சங்கத்துக்குச் செயலி வந்தபோது, எல்லோரும் மரியாதையாக 'டாயெங்' என்றழைக்கும் தலைவர் ருப்பாவிடம் ஜனவரி 9 அன்றே எழுதிக் கொடுத்தார்: துறைமுகச் சந்துகளில் சிக்னல் இல்லை, ஒவ்வொரு கைபேசியும் தன்பாட்டுக்கு ஒன்று, இரண்டு என்று எண் போட்டால் இருவரின் பதிவுகள் ஒரே எண்ணில் மோதும், வேறெங்கும் திரும்ப வராத, முப்பத்தாறு எழுத்து நீண்ட அடையாளம் ஒவ்வொரு பதிவுக்கும் வேண்டும். பெற்றுக்கொண்ட கையெழுத்து, இணைப்பு இரண்டு.

ருப்பா சிரித்தார். "வாக்கி டாக்கியில முப்பத்தாறு எழுத்தை எவன்டா கத்துவான்? அதுக்குள்ள திருடன் கப்பல் ஏறிடுவான்."

"கத்துறதுக்குச் சின்ன எண் தனியா இருக்கட்டும், டாயெங். அடையாளம் வேற."

"போய்ச் சவாரியப் பாருங்க, புரொபசர்."

சங்கலவின் கைபேசியில் நாற்பத்தொன்றாம் பதிவு, அவருடைய உறுப்பினர் படம். பாசோவின் கைபேசியில் நாற்பத்தொன்று, வண்டித் திருட்டு. சிக்னல் கிடைத்ததும் செயலி இரண்டையும் ஒன்றாக்கியது. திருட்டுச் செய்திக்கு மேலே சங்கலவின் முகம் ஏறியது. "நாப்பத்தொண்ணு! மீன் சந்தையில நிக்கிறான், பிடிங்க!" என்று வாக்கி டாக்கிகள் அலறின.

அடி விழுந்த பிறகே ருப்பா அந்தப் பதிவை அழித்தார். மறுநாள், அதுவரை தொடர்பற்றுக் கிடந்த ஏதோ ஒரு கைபேசி அதைத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தது. மார்ச் 17 நண்பகலில், அதை நம்பிய யாரோ எறிந்த எரியும் பெட்ரோல் பாட்டில் சங்கலவின் வீட்டுச் சன்னலை உடைத்து உள்ளே விழுந்தது. மனைவி தென்ரியின் தோள் வெந்தது.

மருத்துவமனைக்கு வந்த ருப்பா குரலைத் தாழ்த்தினார். "பெரிசு பண்ணாத தம்பி. அதான் அழிச்சிட்டேனே."

"இப்ப பாருங்க டாயெங், இருக்கு."

ருப்பா கைபேசியைப் பார்த்தார். நாற்பத்தொன்றில் சங்கலவின் முகம் அப்படியே இருந்தது.

சங்கல இடக்கையால் எழுதினார்: எல்லாப் பதிவுகளுக்கும் திரும்ப வராத அடையாளம் இடப்பட வேண்டும். திருட்டுப் பதிவிலிருந்து என் முகம் பிரிக்கப்பட வேண்டும். அதுவரை செயலி நிறுத்தப்பட வேண்டும். வாய்ச்சொல் ஏற்கப்படாது. ஏழு நாட்களுக்குள் சங்க முத்திரையுடன் எழுத்துப்பூர்வமான பதில் தருக.