ஆவணியில் வருகிறவள்

தேதியை வெறும் எண்களில் எழுதிக் கொடுத்தால் என் கணவர் பரமநாதனுக்கு முகம் மாறிவிடும். மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்வார். பல் டாக்டர், மகளின் வகுப்பு டீச்சர், தண்ணீர் பில் கொண்டுவருகிறவர், ஒருவரும் தப்பியதில்லை. கிறுக்கன் என்று நினைத்துக்கொண்டே எழுதிக் கொடுப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். நடந்ததைக் கூட இருந்து பார்த்தவள் நான்.

எங்கள் மலேசிய ஜார்ஜ் டவுனில் கம்ப்யூட்டர் என்றால் வாயைப் பிளந்த எண்பதுகளிலேயே இவர் ப்ரோகிராமர். பெருமையும் கொஞ்சம் தூக்கல்தான். 1992இல் எங்கள் சைவ சபைக்காரர்கள் ஓர் உதவி கேட்டார்கள். உறுப்பினர் குடும்பங்களில் காலமானவர்களின் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஆண்டுதோறும் திவசத்துக்கு முன்னால் வீட்டுக்கு ஓர் அட்டை அனுப்ப வேண்டும். இறந்த தேதியைக் கொடுத்தால் தமிழ் மாதமும் திதியும் கணக்குப் பார்த்துச் சொல்லும் ப்ரோகிராமை இவர் எழுதிக் கொடுத்தார். சபையில் மாலை போட்டார்கள்.

எங்கள் வீட்டுக்கும் அட்டை வந்தது. மாமியார் ஞானாம்பிகைக்கு ஆடி மாதத் தேய்பிறையில் திவசம் என்று போட்டிருந்தது. மாமியார் இறந்தபோது இவருக்கு மூன்று வயது. அந்த நாளை இத்தனை காலமும் மனதில் வைத்திருந்தது என் மாமனார் ஏரம்பமூர்த்திதான். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர்.

"தம்பி, திதி சரி. மாசம் ஆவணி லா," என்றார் மாமா.

இவர் சிரித்தார். மாமாவுக்கு அப்போது சின்னச் சின்ன மறதி தொடங்கியிருந்தது. வாங்கி வந்த ரொட்டியை மறந்து இன்னொரு முறை வாங்கி வருவார், குடையைக் கடையில் விட்டுவிட்டு நனைந்துகொண்டு வருவார்.

"சபைப் பதிவேட்டுல இருந்து எடுத்தது அப்பா. கம்ப்யூட்டருக்கு மறதி கிடையாது."

அட்டையில் இருந்தபடியே ஆடியில் இலை போட்டோம், காகத்துக்கு வைத்தோம்.

ஆவணித் தேய்பிறை வந்தது. காலையில் மாமா குளித்து, வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறோடு சமையலறையில் வந்து நின்றார். நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண் பின்வாசலைவிட்டு நகரவில்லை.

"பத்மா, அவ வந்து நிக்கிறா. இலை போடலையான்னு கேக்கிறா."

நான் திரும்பிப் பார்த்தேன். பின்வாசலில் தூறலைத் தவிர ஒன்றும் இல்லை. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அன்று முழுக்க அந்த வாசலுக்கு முதுகைக் காட்டி நிற்க எனக்குப் பயமாக இருந்தது.

இவர் மாமாவை டாக்டரிடம் கூட்டிப்போனார். மூளைத் தளர்ச்சி, இல்லாதது கண்ணுக்குத் தெரியும் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். இனி அந்த வாசல் பக்கம் பார்க்காதீங்க அப்பா, அங்க யாருமில்லைன்னு உங்களுக்கே சொல்லிக்குங்க என்று இவர் மாமாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். மனைவி இறந்த மாதத்தையே தவறவிட்ட புத்தி வேறு எதைப் பிடித்து வைத்திருக்கப்போகிறது என்று மாமா நினைத்துவிட்டார். கார்ச் சாவியை அவராகவே கொடுத்தார். காய்கறி வாங்கப் பசாருக்குத் தனியாகப் போவதை நிறுத்தினார். தான் சாப்பிட்டாயிற்றா என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் தட்டை எடுப்பார்.

இரண்டு வருடம் கழித்துச் சபை உறுப்பினர் குலசேகரம் போனில் கத்தினார். "என் அக்கா மார்ச்சுல செத்தா. நீ எதுக்குத் தம்பி அவள ஜனவரியிலயே சாகடிச்ச?"

மற்றவர்களுக்கும் தப்பான அட்டை போயிருக்கிறது. சபையே மாலை போட்டுக் கௌரவித்த ஆளிடம் எப்படிச் சொல்வது என்று அட்டையை ஓரம் வைத்துவிட்டு, தங்களுக்குத் தெரிந்த நாளிலேயே திவசம் செய்திருக்கிறார்கள்.

இவர் ப்ரோகிராமைத் திறந்து பார்த்தார். தேதியைப் படிக்கும் பகுதியை ஓர் அமெரிக்க மென்பொருளிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டிருந்தார். நாம் நாள் எண்ணை முதலில் எழுதுவோம், அது மாதத்தை முதலில் படிக்கும். முதல் எண் பன்னிரண்டைத் தாண்டினால் மட்டும், அது மாதமாக இருக்க முடியாது என்று சத்தம் காட்டாமல் திருப்பிப் படித்துக்கொள்ளும். இவர் பிறந்தது இருபத்து மூன்றாம் தேதி. அதைப் போட்டுச் சோதித்ததில் சரியாக வந்துவிட்டது. மாமியார் இறந்தது 8/9/1961. நமக்கு அது செப்டம்பர் எட்டு, ஆவணி. ப்ரோகிராமுக்கு ஆகஸ்ட் ஒன்பது, ஆடி. இரண்டுமே அமாவாசையை ஒட்டிய தேய்பிறை என்பதால் திதியில் குறை தெரியவில்லை.

பட்டப்பகலில் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். மாமாவின் காலடியில் உட்கார்ந்து, அப்பா சொன்னதுதான் சரி, தப்பு என்னுடையது என்று அழுதார். மாமா அவர் தலையைத் தடவிக்கொடுத்தார். இல்லை, ஆடிதான், எனக்குத்தான் புத்தியில் ஒன்றும் நிற்பதில்லை என்று மகனைத் தேற்றினார். எத்தனை விதமாகச் சொல்லியும் அவருக்கு ஏறவில்லை.

அந்த ஆவணியில் இவர் விரதம் இருந்தார். நான் சமைத்தேன். பின்வாசலுக்கு நேராக இலை போட்டு, மாமாவைக் கைபிடித்து அழைத்து வந்தார். மாமா இலையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். வாசல் பக்கம் திரும்பவே இல்லை.

"அம்மாவுக்குத்தான் அப்பா. வந்திருக்காங்களா, பாருங்க."

"அங்க பாக்கக் கூடாது தம்பி," என்றார் மாமா. "அவ நிக்கத்தான் செய்றா. இல்லைன்னு சொல்லிச் சொல்லிப் பழகிட்டேன். நீதானே சொன்ன."