வெள்ளைச் சாக்கு

தூத்துக்குடி உப்பை லாரியில் ஏற்றி மைசூர்ப் பக்கம் கொண்டுபோய் இறக்குவதுதான் மந்திரமூர்த்தியின் பிழைப்பு. தூத்துக்குடியை ஒட்டிய புதுக்கோட்டையில் வீடு. மனைவி இசக்கியம்மாளுக்கு உப்பளத்தில் வேலை. பொண்டாட்டி வாரிக் குவிப்பதைப் புருஷன் வாரிக்கொண்டு போகிறான் என்று தெருவில் கேலி பேசுவார்கள். மீசையும் குரலும் பார்த்தால் ஆள் முரடன் போலத்தான் தெரியும். வளர்த்த கிளி செத்ததற்கு இரண்டு நாள் சோறு தின்னாமல் கிடந்தவன் என்பது தெருவுக்குத் தெரியாது, வீட்டுக்குத்தான் தெரியும்.

அவர்கள் அளத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கை உப்பு என்று யார் வந்து கேட்டாலும் இல்லை என்று சொல்வதில்லை. பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வந்து கேட்டாலும் குவியலிலிருந்து அள்ளிக் கொடுத்துவிட்டுத்தான் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நல்ல வழக்கம்தான். அளத்தோடு விட்டிருந்தால் ஒரு வம்பும் இல்லை. இந்த மனுஷன் அதை மலைக்கும் கொண்டுபோனான்.

சத்தியமங்கலம் தாண்டி, திம்பம் வளைவுகளில் ஏறி, ஆசனூர் வழியாகப் போகும் காட்டுச் சாலை அது. மழை விட்ட ஒரு காலையில் தார்ப்பாய் விலகி, மூட்டை ஒன்று கிழிந்து, உப்பு சாலையோரமாக ஒழுகிக்கொண்டே வந்தது. சரி செய்யலாம் என்று வண்டியை நிறுத்தியவன், பக்கக் கண்ணாடியில் ஒரு பெண் யானையைப் பார்த்தான். இடது காதின் ஓரம் கிழிந்திருந்தது. அதன் வயிற்றை உரசிக்கொண்டு ஒரு குட்டி. யானை தும்பிக்கையால் தரையைத் துழாவி, உப்பை வழித்து வழித்து வாயில் போட்டது. முதலில் அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கொஞ்ச நேரத்தில் பயம் போய்விட்டது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உப்பு கேட்டு வந்த ஒரு பொம்பளையாகத்தான் அது அவன் கண்ணுக்குத் தெரிந்தது.

ஊருக்கு வந்ததும் இசக்கியம்மாளிடம் கதை கதையாகச் சொன்னான். அந்த ஆடி அசைந்த நடை அசல் அவள் அம்மா தங்கத்தாயின் நடை என்றும், அதனால் அந்தப் பெயரையே வைத்துவிட்டதாகவும் சொன்னான். அவள் கரண்டியை ஓங்கினாள். ஆனால் அடுத்த லோடுக்கு, அளத்தில் கூட்டிப் பெருக்கிய உப்பை ஒரு வெள்ளைச் சாக்கில் கட்டி, லாரி கேபினில் வைத்ததும் அவள்தான்.

"எங்கம்மாட்ட கொடுத்துருங்க" என்றாள்.

அதிலிருந்து ஒவ்வொரு நடைக்கும் ஒரு சாக்கு போயிற்று. அதே இடத்தில் வண்டியை மெதுவாக்கி, சாக்கை அப்படியே ஓரத்தில் தள்ளிவிட்டுப் போவான். தங்கத்தாய் அதை மிதித்துக் கிழித்துத் தானும் தின்று, குட்டிக்கும் கொடுக்கும். போகப் போக லாரிச் சத்தம் கேட்டாலே வந்து நிற்க ஆரம்பித்தது. காட்டு விலங்குகளுக்கு உணவு கொடுக்காதீர்கள் என்று அங்கே பெரிய பலகையே இருக்கிறது. அது பிஸ்கட் போடுகிற சுற்றுலாக்காரர்களுக்கு; உப்பு என்ன உணவா என்பது அவன் நியாயம். பெண் யானைக்குத் தந்தம் கிடையாது, அதனால் எந்த வேட்டைக்காரனும் தேடி வர மாட்டான் என்று வேறு நிம்மதியாக இருந்தான். துப்பாக்கியைப் பற்றியெல்லாம் யோசித்தவன், சாக்கைப் பற்றி யோசிக்கவில்லை.

ஆசனூர் தாண்டி மாதேவன் என்பவனின் டீக்கடை இருந்தது. கடைக்குப் பின்னால் அவனுக்குக் கொஞ்சம் மக்காச்சோளக் காடு. ராத்திரியெல்லாம் பரண் மேல் உட்கார்ந்து தகரம் தட்டி யானை விரட்டுவான், பகலில் கண் எரிய டீ ஆற்றுவான். யானைமேல் அவனுக்குக் கோபம் இருந்ததே தவிர, வன்மம் இல்லை. அந்த யானை ரோட்டோரம் பழகிவிட்டது, இனிமேல் உப்பு போடாதீர்கள் என்று அவன் ஒரு தடவை சொன்னான். மந்திரமூர்த்தி சிரித்து மழுப்பிவிட்டு, இன்னொரு டீ சொன்னான்.

தை பிறந்தபின் போன நடையில் தங்கத்தாய் வரவில்லை. சாக்கைத் தள்ளாமல் சற்று நேரம் காத்திருந்துவிட்டுப் போனான். மாதேவன் கடை பூட்டிக் கிடந்தது. காது கிழிந்த யானை மாதேவனின் சோளக் காட்டில் செத்துக் கிடந்ததாகவும், விஷம் வைத்தானோ என்று வனத்துறையார் அவனைக் கூட்டிக்கொண்டு போனதாகவும் பக்கத்துக் கடைக்காரி சொன்னாள். வயிற்றை அறுத்துப் பார்த்தபோது உள்ளே, சோளத்துக்குப் போட வைத்திருந்த யூரியா உரம் இருந்ததாம். கிழிந்த வெள்ளைச் சாக்கும் இருந்ததாம்.

அவன் கேபினுக்குள் ஏறி, பக்கத்தில் இருந்த சாக்கைப் பார்த்தான். யூரியாவும் வெள்ளைச் சாக்கில்தான் வருகிறது. உள்ளே இருப்பதும் உப்பு மாதிரியே வெள்ளையாகத்தான் இருக்கிறது. ஸ்டியரிங்கில் தலையை வைத்து, மீசை நனைய அழுதான்.

லோடு தாமதமானாலும் பரவாயில்லை என்று வனத்துறை அலுவலகம் போய், எல்லாவற்றையும் சொன்னான். தண்டனை எதுவானாலும் தனக்குத்தான் வர வேண்டும் என்றான். அவர்கள் அவன் சொன்னதை எழுதி வாங்கிக்கொண்டு, மாலையில் மாதேவனை வெளியே விட்டார்கள். அடிப்பான், குறைந்தது ஏசவாவது ஏசுவான் என்று மந்திரமூர்த்தி எதிர்பார்த்து நின்றான். மாதேவன் அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"சோளத்துல ஒரு கதிரைக்கூட அது தொடலீங்கண்ணா. நேரா சாக்குகிட்டதான் போயிருக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தான்.

அங்கிருந்த பெண் அதிகாரி, குட்டியைக் கூட்டத்தில் வேறொரு யானை சேர்த்துக்கொண்டதாகச் சொன்னார். ஆனால் அதுவும் சாக்குக்குப் பழகியதுதான், லாரியைப் பார்த்தால் வரும் என்றார். "அது உயிரோட இருக்கணும்னா, உங்களைக் கண்டா அது பயப்படணும். நிறுத்தாதீங்க. ஹாரன் அடிச்சு விரட்டுங்க."

அடுத்த நடையில் குட்டி வந்தது. தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு, காது விரிய, அவன் வழக்கமாக வண்டியை மெதுவாக்கும் இடத்துக்கே ஓடி வந்தது. பின்னால் லாரி நிறைய உப்பு இருந்தது. மந்திரமூர்த்தி ஹாரனை அழுத்தினான். குட்டி மிரண்டு பின்வாங்கி, அவனை அடையாளம் கண்டுகொண்டதுபோல மறுபடியும் கிட்டே வந்தது. அவன் கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தான். அது பிளிறிக்கொண்டு புதருக்குள் விழுந்தடித்து ஓடும்வரை அழுத்தினான்.

வீட்டுக்கு வந்தபோது, இசக்கியம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். தாய் யானை செத்ததைப் போன நடையிலேயே அவளிடம் சொல்லியிருந்தான், குட்டியை விரட்டச் சொன்னதைச் சொல்லவில்லை; பெரியது போன துக்கம் அவளையும் விடவில்லை.

"குட்டியப் பாத்தியளா?" என்று கேட்டாள்.

"பாத்தேம்ளா. உப்பு கேட்டு வந்திச்சு. வெரட்டிட்டு வந்துட்டேன்."

கதவோரம் ஒரு வெள்ளைச் சாக்கு வாய் கட்டாமல் இருந்தது. தாய் இல்லாத பிள்ளைக்கு என்று அன்று காலையில்தான் அளத்திலிருந்து கூட்டி அள்ளி வந்திருந்தாள். அதை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, வந்த வழியே அளத்துக்கு நடந்து, குவியலில் கொட்டிவிட்டு வந்தாள்.