பெஞ்சில் மூன்றாவது ஆள்

ஓட்டுப் பதிவு முடிந்து பல வாரங்கள் ஆகிவிட்டன. இன்னும் எங்கள் ஊராட்சிப் பள்ளியைத் தாண்டி வண்டியில் போகும்போது என் கை தானாக பிரேக்கைப் பிடிக்கிறது. அந்தப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பு அறையில்தான் என் மகள் ஒரு நாள் முழுக்க ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். புதிதாக வந்திருக்கும் ஒரு கட்சியின் பூத் ஏஜென்ட்டாக.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வண்டிப் பாகங்கள் செய்யும் கம்பெனியில் அவளுக்குத் தரம் பார்க்கும் வேலை. விடிவதற்குள் ஹைவேயில் கம்பெனி பஸ் வந்துவிடும். நான் இன்னொரு கம்பெனியில் இயந்திரங்களைப் பராமரிக்கிறேன். டிப்ளமோ படித்தவன். பதினெட்டு வயதிலிருந்து ஓட்டுப் போடுகிறேனே தவிர, எந்தக் கட்சிக் கூட்டத்திலும் பத்து நிமிஷம் நின்றதில்லை.

அவள் அந்தச் செய்தியைச் சொன்னது சாப்பிடும்போது.

"அப்பா, நான் பூத் ஏஜென்ட்டா உக்காரப் போறேன்."

"உக்காந்து?" என்றாள் என் மனைவி.

"பாக்கப் போறேம்மா. யாரு வர்றாங்க, யாரு ஓட்டு போடறாங்கன்னு."

"இன்னாத்த பாக்கப் போற? அங்க டிவியா ஓடுது?"

மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஊரில் இரண்டு பழைய கட்சிகள். ஒன்றுக்கு ஏஜென்ட்டாக எப்போதும் உட்காருபவர் நெல் வயல்காரர், ஏரிக்கரை ஓரம் நிலம் வைத்திருப்பவர். இன்னொன்றுக்கு தண்ணி லாரிக்காரர். என் கம்பெனிக்குத் தண்ணீர் விடுவது அவருடைய லாரிகள்தான். ஊழியர்களை ஏற்றிப் போகும் வேன்கள் அவருடைய மச்சானுடையவை. இவர்களுக்கு நடுவில் என் பெண் போய் உட்கார வேண்டுமா? அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும் சமயம் வேறு.

இதையெல்லாம் சொன்னேன். "அப்பா, தாத்தா சொல்வாரே, அந்தச் செருப்புக் கதை. அத நீதான எனக்குச் சொன்ன?" என்று கேட்டுவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

அது என் நைனா சொன்னது. நாடு குடியரசாகிக் கொஞ்ச காலமே ஆகியிருந்த நாட்களில் எங்கள் ஊரில் ஒரே கொடிதான் பறந்ததாம். நிலம் வைத்திருந்தவர்களின் கொடி அது. நைனாவைப் போன்ற கூலியாட்களை ஓட்டு நாளன்று மாட்டு வண்டியில் ஏற்றிப் போவார்கள். எந்தச் சின்னத்துக்குப் போட வேண்டும் என்பதை வண்டியிலேயே சொல்லிவிடுவார்கள். பிறகு எதிர்க்கட்சி என்று ஒன்று வந்தது. நாலு பேர் சைக்கிளில் எங்கள் காலனிக்குள் வந்து, கூலிக்காரர்களைக் கும்பிட்டு ஓட்டுக் கேட்டார்கள். ஊர் இரண்டாகப் போகிறது என்று பெரியவர்கள் பயந்தார்கள். நைனா மட்டும் அந்த வருஷத்தைச் சிரித்துக்கொண்டே சொல்வார்: "ரெண்டாவது ஆளு வந்து கேட்டப்பொறந்தான்டா, மொத ஆளு நம்ம ஊட்டு வாசல்ல செருப்ப கழட்டிட்டு நின்னான்."

ஊர் இரண்டாகத்தான் போனது. வாய்ச் சண்டை, கைச் சண்டை, கொடிக் கம்பத்துச் சண்டை எல்லாம் நடந்தன. ஆனால் சாலை வந்தது, காலனிக்குக் கரண்ட் வந்தது. ஒருவர் செய்யாததை மற்றவர் மேடையில் சொல்லிக் காட்டிக் காட்டியே வந்தது.

காலப்போக்கில் அந்த இரண்டு கட்சிக்காரர்களும் பழகிப்போனார்கள். பூத்துக்குள் அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அதற்கு "அனுசரிப்பு" என்று பெயர். ஊரில் இல்லாதவர்கள், செத்துப்போயும் பட்டியலில் இருப்பவர்கள், இவர்களுடைய ஓட்டில் நாலைந்தை வயல்காரரின் ஆட்கள் போடுவார்கள். லாரிக்காரரின் ஆட்களும் அதேபோல நாலைந்து போடுவார்கள். லாரிக்காரரின் ஆள் வரும்போது வயல்காரர் ஜன்னலைப் பார்ப்பார். வயல்காரரின் ஆள் வரும்போது லாரிக்காரர் கொட்டாவி விடுவார். ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். மூன்றாவதாக ஒருத்தி அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் என் பயமே.

ஓட்டு நாளன்று காலையிலேயே போய் வரிசையில் நின்றேன். வாசலில் ஆண்கள் வரிசை ஒரு பக்கம், பெண்கள் வரிசை ஒரு பக்கம். ஜன்னலோரப் பெஞ்சில் மூவரும் இருந்தார்கள். இரண்டு பெரிய உடம்புகளுக்குப் பக்கத்தில், நுனியில், என் மகள். மடியில் வாக்காளர் பட்டியல். பதற்றத்தில் கால் கட்டைவிரலைத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

என் முறைக்கு முன்னால் ஒரு அம்மாள் உள்ளே போனார். திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டு வந்தவர், முந்தானையைத் தலைமேல் போட்டிருந்தார். அதிகாரி பெயரைப் படித்தார். மகள் பட்டியலில் இருந்த படத்தைப் பார்த்தாள். பழைய படம்; நீளமான ஜடை, சதைப்பற்றான முகம். அவள் எழுந்து நின்றாள்.

"சார், இவங்க அவங்க இல்லன்னு நினைக்கறேன்."

அந்த அம்மாள் யாரென்று எனக்குத் தெரியும். தினமும் எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுபவர். எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளிக் குடியிருப்பவர்.

"உங்க வீட்டுக்காரர் பேர் சொல்லுங்க" என்று கேட்டாள் மகள்.

பால்கார அம்மாள் வாயைத் திறக்கவில்லை. அவர் தலைமுறைப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்கள். செத்தாலும் சொல்லமாட்டார்கள். மகள் அந்த மௌனத்தைத் தப்பாக எடுத்துக்கொண்டாள். "பாருங்க சார், பேரு தெரியல."

"அடியே!" என்று வெடித்தார் அந்த அம்மாள். "நான் ஊத்தற பால குட்ச்சிகினு வளந்தவ, என்னிய யாருன்னு கேக்குறியா? உன் அப்பன் அதோ நிக்கிறான் பாரு, அவனக் கேளு!"

வரிசை முழுக்கச் சிரித்தது. நெல் வயல்காரரும் லாரிக்காரரும் ஒரே குரலில் "அந்தம்மாதான் சார்" என்றார்கள். லாரிக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டுச் சொன்னார்:

"தெருவுல யாரு கீறாங்கன்னே தெரியாது, நாட்ட திருத்த வந்துக்கீது."

அவர் சொன்னதில் தப்பில்லை. படித்தது வெளியூர் ஹாஸ்டலில்; இப்போது பால் வரும் நேரத்தில் இவள் பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருப்பாள். இருட்டியபின் வருவாள். ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பாள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் இப்படித்தான், சொந்தத் தெருவிலேயே விருந்தாளிகள்.

நான் ஓட்டைப் போட்டுவிட்டு வெளியே வரும்போது மெதுவாகச் சொன்னேன்: "போதும், எழுந்து வாம்மா. வேற யாரையாவது உக்கார வெக்கட்டும்."

"வேற யாரும் இல்லப்பா" என்றாள். கண் கலங்கியிருந்தது. அந்தப் புதுக் கட்சிக்கு எங்கள் பூத்தில் இருந்த ஒரே ஆள் அவள்தான். மாற்றி உட்காரக்கூட ஆள் இல்லை. "நான் எழுந்தா பெஞ்சு பழைய மாதிரியே ஆயிடும்."

பிறகு அவள் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. மையிட்ட விரலோடு இன்னும் வாசலில் நின்று பொருமிக்கொண்டிருந்த அந்த அம்மாவிடம் போய், எல்லோர் முன்னாலும் கைகூப்பி, "அத்தை, தப்பு என்னுதுதான், மன்னிச்சிடுங்க" என்றாள். அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மகள் திரும்பி வந்து அதே நுனியில் உட்கார்ந்தாள். என்னால் அப்படித் திரும்பி உட்கார்ந்திருக்க முடியாது.

மதியம் பழைய கட்சிகளின் ஏஜென்ட்டுகளுக்கு பிரியாணிப் பொட்டலம் வந்ததாகக் கேள்விப்பட்டேன். புதுக் கட்சியிலிருந்து எதுவும் வரவில்லை. என் மனைவி கேரியரில் சாம்பார் சாதமும் உருளைக்கிழங்கும் வைத்துக் கொடுத்தாள். காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் வராந்தா வரைக்கும் என்னை விட்டார்.

அந்த நேரம்தான் ஒரு இளைஞன் உள்ளே போனான். அதிகாரி பெயரைப் படித்தார். மகள் மறுபடி எழுந்தாள்.

"சார், இவர் அவர் இல்ல."

"ஆரம்பிச்சிட்டாப்பா!" என்றார் லாரிக்காரர். "காலையில பால்காரம்மா, இப்ப இவனா? சார், இது பேஜாரு புடிச்ச பொண்ணு சார்."

"அந்தப் பேருக்காரர் எங்க கம்பெனியில வேல செய்யறாரு. என் பஸ்லதான் வருவாரு. போன மாசம் குஜராத் பிளான்ட்டுக்கு அனுப்பிட்டாங்க. அவர் குரல்கூட எனக்குத் தெரியும்."

தெருவை அவளுக்குத் தெரியாமல் ஆக்கிய அதே பஸ்தான் குஜராத்துக்குப் போனவரைத் தெரிய வைத்திருந்தது. ஆனால் காலையில் செய்த தப்பு அறைக்குள் எல்லோருக்கும் நினைவிருந்தது. அதிகாரி தயங்கினார். வாசலில் நின்ற லாரிக்காரர் ஆட்கள் நாலைந்து பேர் "யாருடா அவ?" என்று கத்திக்கொண்டு உள்ளே பாய்ந்தார்கள். ஒருவன் பட்டியலைப் பிடுங்க அவள் மணிக்கட்டை முறுக்கினான். கண்ணாடி வளையல் உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. ரத்தம் பட்டியல்மேல் சொட்டியது. நான் கேரியரைப் பிடித்தபடி நின்றேன். கான்ஸ்டபிள்தான் உள்ளே ஓடி அவர்களைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

பட்டியல் அவள் கையிலேயே இருந்தது. அவள் நெல் வயல்காரர் பக்கம் திரும்பினாள். 

"பெரியப்பா, காலையில நான் தப்பு. இப்பவும் தப்புன்னா சொல்லுங்க, மன்னிப்பு கேக்கறேன். நீங்க சொல்லுங்க, இவர் அவரா?"

அனுசரிப்புப்படி அவர் ஜன்னலைப் பார்த்திருக்க வேண்டும். அவருடைய ஆட்களும் வெளியே காத்திருந்தார்கள், அதுவும் எனக்குத் தெரியும். அவர் அவளுடைய மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு அதிகாரி பக்கம் திரும்பினார்.

"இவன் அவனில்ல சார்."

லாரிக்காரர் துள்ளி எழுந்தார். "யோவ்! இன்னா பேசற நீ? இத்தினி வருஷம் ஒண்ணா உக்காந்துகினு..."

"உக்காந்தோம். கொயந்த கையில ரத்தம் வருது, நான் ஜன்னல பாத்துக்கினு இருக்கட்டுமா?"

"சரி. உன் ஆளுங்களும் வருவானுங்க இல்ல? வரட்டும். ஒவ்வொருத்தன் மூஞ்சியையும் லைட்டு போட்டு பாக்கறேன்."

"பாரு, இன்னா இப்போ!"

அந்த இளைஞனை அனுப்பிவிட்டார்கள். அதோடு அனுசரிப்பு முடிந்தது. யாரும் கொள்கைக்காக முடிக்கவில்லை. அவர்கள் இருவரும் உண்மையாகவே எதிரிகள் ஆகிவிட்டார்கள், அவ்வளவுதான். மாலை வரை வந்த ஒவ்வொரு ஆளையும் மூன்று ஜோடிக் கண்கள் அலசின. கள்ள ஓட்டுப் போடக் காத்திருந்த இரு பக்கத்து ஆட்களும் மெல்ல நழுவிப் போனார்கள். கைக்குட்டையால் வலது கையைக் கட்டிக்கொண்டு, இடது கையால் சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டு, அதே கையால் மகள் பெயர்களை டிக் அடித்தாள். கடைசியில் இயந்திரத்துக்குச் சீல் வைத்தபோது மூவரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள்.

வண்டியில் திரும்பும்போதுதான் அவள் அழுதாள். அதுவும் அடிபட்டதற்கு அல்ல. "பால் ஊத்தறவங்களையே எனக்குத் தெரியலப்பா" என்றாள்.

மறுநாள் அவளுக்கு இரண்டாம் ஷிப்ட். விடிகாலையில் பால்கார அம்மாள் வந்தபோது வாசலில் பாத்திரத்தோடு நின்றது என் மனைவி இல்லை, மகள். கையில் கட்டு. நான் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இன்னாடி, இப்ப நான் யாருன்னு தெரிதா? இல்ல, புருஷன் பேரு சொல்லணுமா?"

"வேணாம் அத்தை."

"என் ஓட்டு உனக்கில்ல. இப்பவே சொல்ட்டன். நான் எப்பவும் போடறதுக்குத்தான் போட்டன்."

"பரவால்ல அத்தை. உங்க ஓட்ட நீங்கதான போட்டீங்க."

பால் ஊற்றும் சத்தம் நின்றது. அந்த அம்மாள், "கை இன்னா ஆச்சி, காட்டு" என்றார்.

ஓட்டு எண்ணிக்கையில் எங்கள் பூத்தில் அவள் கட்சி மூன்றாவதாகத்தான் வந்தது. நெல் வயல்காரரும் லாரிக்காரரும் இன்னும் பேசிக்கொள்வதில்லை. எங்கள் கம்பெனி வாசலில் என்னைப் பார்த்தால் லாரிக்காரர், "உன் பொண்ணு அடுத்த வாட்டியும் வருமா?" என்று கேட்கிறார். அது மிரட்டலா, வெறும் விசாரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. வரும் என்றுதான் சொல்கிறேன்.

இப்போதெல்லாம் லீவு நாட்களில் மகள் பால்கார அம்மாவோடு தெருவைச் சுற்றக் கிளம்பிவிடுகிறாள். கேனைச் சைக்கிளில் வைத்து அவர் தள்ள, இவள் வீட்டுக்கு வீடு பாத்திரம் வாங்கிக் கொடுக்கிறாள். "இது யாரு அத்தை? அந்த வீட்ல எத்தினி பேரு?" என்று கேட்டபடியே போகிறாள். தெருக்காரர்கள் அவளுக்குக் "கட்சி" என்று பெயர் வைத்துவிட்டார்கள். "இன்னா கட்சி, சாப்ட்டியா?" என்று வாசலுக்கு வாசல் குரல் கேட்கிறது. மேலத்தெரு முனை வரைக்கும் அந்தக் குரல்களை வைத்தே அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அதற்கு மேல் கேட்காது. அவள் திரும்பி வரும் வரை கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன்.