மூக்கின் சாட்சி

இன்று அடுப்பில் பால் தீய்ந்தால்கூட எனக்குத் தெரிவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொல்ல வேண்டும். பத்து வயதில் இதே மூக்குக்கு எங்கள் ராயபுரம் சந்தில் தனி மரியாதை. வடக்கிலிருந்து வரும் காற்றை வைத்தே, அது உர ஆலையா எண்ணெய் ஆலையா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன்.

அந்தத் திறமையை அம்மா வேலைக்கு வைத்தாள். துறைமுகத்தில் சுமை தூக்கிய அப்பா, மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றி, இனிக் குடிப்பதில்லை என்று பொருத்தனை செய்திருந்தார். மீறினால் வீட்டுக்குள் இடமில்லை. வேலை முடிந்து வரும் அப்பா வாசலில் குனிந்து என் முகத்தில் ஊதுவார். நான் தலையாட்டினால்தான் உள்ளே சோறு. அந்தப் பதவியில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஏழு மாதம் ஒழுங்காகப் போனது. பிறகு அப்பா மாறினார். குழம்பில் உப்பு குறைந்ததற்குத் தட்டு பறந்தது. இரும்புக் கம்பி கிழித்த கால் புண் ஆறவில்லை, உடம்பு வற்றியது, சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். பழைய புத்தி திரும்பிவிட்டது என்று அம்மா முடிவு கட்டினாள். வாசனையைக் கழுவத்தான் அவ்வளவு தண்ணீர் என்று அவளுடைய தம்பி, என் மாமா, விளக்கம் வேறு கொடுத்தார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அப்பா தள்ளாடி வந்தார். பேச்சு குழறியது. வழக்கம்போல் குனிந்து ஊதினார். புளித்துப்போன அன்னாசிப் பழம் போல ஒரு நெடி. சாராய நெடி எனக்குத் தெரியும், இது அதில்லை. ஆனால் வாசனை வருகிறதா என்பதுதான் கேள்வி. என்ன வாசனை என்று யாரும் கேட்டதில்லை.

"இன்னாடி, வருதா?" என்றாள் அம்மா.

"வருது."

மாமா சிரித்தார். "மெழுகுவத்தி புடிச்ச கை, இன்னிக்கு கிளாஸ் புடிச்சிகினு வந்துகீது."

அப்பா மறுபடி குனிந்தார். "நான் தொடல கண்ணு. இன்னொருக்கா நல்லா மோந்து பாத்து சொல்லு."

மோந்து பார்த்தேன். "வருது" என்றேன். அம்மா கதவைச் சாத்தினாள்.

அப்பா தெருமுனைப் பம்படியில் உட்கார்ந்து வாந்தியெடுத்தார். சந்து மூக்கைப் பொத்திக்கொண்டு அவரைத் தாண்டிப் போனது. சாயங்காலம் மீன் விற்றுத் திரும்பிய ஒருத்தி தட்டியபோதுதான் அவருக்கு நினைவில்லை என்று தெரிந்தது. ரத்தத்தில் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். சிடுசிடுப்பும் வரும், புத்தியும் தடுமாறும், மூச்சில் பழ நெடி அடிக்கும், மத்தியானமே கொண்டுவந்திருக்கலாமே என்றார். மறுநாள் பூசை மணி அடிக்கும்போது அப்பா போய்விட்டார்.

அந்தச் சர்க்கரை இப்போது எனக்கு. நான் எரிந்து விழுந்தால் என் மகள் பதிலுக்குக் கத்துவதில்லை. விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கிறாள். பாதி நேரம் அளவு சரியாகவே இருக்கிறது. அப்போது அது என் சொந்தக் கோபம்.

அன்று இரண்டாம் முறை குனிந்தபோது, அப்பா என்னைப் பொய் சொல்லச் சொல்கிறார் என்றே நினைத்தேன். நான் பொய் சொல்லவில்லை. அதில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.