காய்ச்சலே வராத இல்லம்

முதலில் தன் மணிக்கட்டில் ஒரு தடவை. அடுத்து சுவரில் ஒரு தடவை. சுவருக்குக் காய்ச்சல் இல்லை என்பது உறுதியான பிறகுதான் அக்கா பிள்ளைகளின் நெற்றிப் பக்கம் திரும்புவாள். காய்ச்சல் பார்க்கும் வெள்ளை மெஷினை நீட்டிப் பிடித்து, இடது கண்ணை மூடி, குறி பார்த்துச் சுடுவாள். கண்ணை மூட வேண்டிய அவசியம் அந்த மெஷினில் கிடையாது. ஆனால் பத்தொன்பது வருடமாக ஒரு சாவிக்கொத்தையும் ஒரு விசிலையும் தாண்டி எதையும் நம்பிக் கொடுக்காத இலாகா, முதல் தடவையாகத் துப்பாக்கி ஜாடையில் ஒரு பொருளைக் கொடுத்திருக்கிறது. கொஞ்சம் அனுபவிக்கத்தானே வேண்டும்?

"தொண்ணூத்தேழு புள்ளி நாலு. நவுரு. தொண்ணூத்தேழு புள்ளி ஒண்ணு. ஏண்டி, ஃப்ரிட்ஜுக்குள்ளயா படுத்திருந்தே?"

வரிசையில் சிரிப்பு ஓடும். காலை ஆறரை மணிக்கு, முகத்தில் ஈரம் சொட்டச் சொட்ட இருபத்து மூன்று பேர் நிற்பார்கள். முன்பெல்லாம் விசில் ஊதி ஊதி வாய் வலித்தாலும் பாதிப் பேர் பீளையோடு வந்து நிற்பதுதான் வழக்கம். நோய் வந்தது பிள்ளைகளுக்குச் சுத்தத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டது என்று அக்காவுக்குப் பெருமை தாங்காது.

அக்கா, சிறுமியர் இல்லத்தில் காவலர். வழக்கில் மாட்டிக்கொண்ட, பதினெட்டு நிரம்பாத பெண்பிள்ளைகளை வழக்கு முடியும்வரை வைத்திருக்கும் இடம் அது. பத்தடி மதில், மதில் மேல் கண்ணாடிச் சில்லு, ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பூட்டு. இவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தால் இல்லம்தான். தொற்று பரவியதும் கோர்ட்டை மூடினார்கள். அதனால் ஒரு வழக்கும் நகரவில்லை. பார்க்க வரும் அம்மாக்களை நிறுத்தினார்கள். அதனால் வெளியிலிருந்து ஒரு முகமும் வரவில்லை. ஆளுக்கு ஆள் ஆறடி இடைவெளி என்று சுற்றறிக்கை மட்டும் தவறாமல் வந்தது. கூடத்தில் கட்டிலுக்குக் கட்டில் இரண்டடி. கூடத்தை இழுத்து நீட்ட முடியாது. எனவே அக்கா ஒருத்தியின் தலைமாட்டில் அடுத்தவளின் கால் வருமாறு மாற்றி மாற்றிப் படுக்கவைத்து, மூக்குக்கு மூக்கு ஆறடியைக் கொண்டுவந்துவிட்டாள். கிருமி மூக்கு வழியாகத்தானே போய்வருகிறது?

கேலி செய்ய நிறைய இருக்கிறது. ஆனால் அவள் பயந்தது நிஜம். வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு குளியல், திரும்பியதும் ஒரு குளியல். சொந்தத் தங்கை பிள்ளை பெற்றபோது ஜன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். கணவர் லாரி ஓட்டுபவர். லாரியெல்லாம் நின்றுபோய் வீட்டோடு இருந்தார். அவர் தட்டு தனி, அவள் தட்டு தனி, பாய் தனி. மனிதர் ஒருநாள் பொறுக்க மாட்டாமல், கட்டின பெண்டாட்டிக்கே தான் கிருமியாகப் போய்விட்டோமா என்று கேட்டேவிட்டார்.

"அங்க இருபத்திமூணு பிள்ளைங்க இருக்கு. என்னால ஒண்ணுக்கு வந்துச்சுன்னா, அப்புறம் நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நடமாடுறது?" என்றாள் அக்கா.

காய்ச்சல்காரர்களைப் பிரித்து வைக்க ஓர் அறை ஒதுக்கும்படி அடுத்த சுற்றறிக்கை வந்தது. ஓர் அறை இருக்கத்தான் இருந்தது. கட்டடத்தின் கோடியில், ஒற்றைக் கதவோடு, கைக்கு எட்டாத உயரத்தில் புத்தகம் அளவுக்கு ஒரு ஜன்னலோடு. எதிர்த்துப் பேசுகிறவர்களை, அடித்துக்கொள்கிறவர்களை ஒரு நாளோ இரண்டு நாளோ போட்டு வைக்கும் அறை. பிள்ளைகள் அதற்கு வைத்திருந்த பெயர் பொந்து. இலாகாவின் புத்தி நேரே அங்கே போயிற்று. தனியே வைக்க வேண்டும் என்றால், ஏற்கெனவே தனியே வைத்துப் பழகிய இடம்தானே தோது?

கண்காணிப்பாளர் மேடம் தலையாட்டியதும், அக்கா முன்னால் நின்று வெள்ளையடிக்க வைத்தாள். பினாயில் ஊற்றித் தேய்த்தாள். புதுப் போர்வை விரித்தாள். 'நலம் பேணும் அறை' என்று அட்டையில் தன் கையாலேயே எழுதி, மூலைக்கு ஒரு பூ வரைந்து, கதவில் ஒட்டினாள். பிள்ளைகளை வரிசையாக அழைத்துப்போய், ஓட்டல் ரூம் மாதிரி இருக்கிறதா இல்லையா என்று கேட்டாள். இருக்கிறது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அக்கா பார்த்தது சுண்ணாம்பை. அவர்கள் பார்த்தது வெளிப்பக்கத் தாழ்ப்பாளை.

அன்றிலிருந்து அந்த இல்லத்தில் யாருக்கும் காய்ச்சல் வரவில்லை.

பத்து நாள், இருபது நாள், நாற்பது நாள். மற்ற இல்லங்களிலெல்லாம் தொற்று பரபரவென்று பரவ, இங்கிருந்து தலைமை அலுவலகத்துக்குத் தினமும் பூஜ்யம் போயிற்று. வேறு இல்லத்துக் காவலர்கள் போன் போட்டு யோசனை கேட்டார்கள். அக்காவும் ஒரு பெரிய டாக்டரம்மா தோரணையில், வெந்நீரின் மகிமையையும் மூக்குக்கு மூக்குத் திட்டத்தையும் விவரித்தாள். தலைமை அலுவலகம் ஒரு பாராட்டுச் சான்றிதழ் தயாராவதாகச் சொன்னது.

நாற்பதாவது நாளை ஒட்டி ஒரு வாரம், பிள்ளைகள் ஒருத்தி மாற்றி ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மாதாந்திர வலி, மாத்திரை வேண்டும். ஒன்பது பேர். அக்காவும் ஒரு காலத்தில் அந்த வலியில் துடித்தவள்தான். மனம் இளகி ஆளுக்கு இரண்டாகக் கொடுத்தாள். காய்ச்சலுக்கும் அதே மாத்திரைதான் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஒன்பது பேருக்கும் ஒரே வாரத்தில் வருகிறதே, இதிலாவது ஒற்றுமையாக இருக்கிறார்களே என்று கணவரிடம் சொல்லிச் சிரித்தாள்.

இங்கே ரேடியோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினாறு வயதுப் பெண். வாயை மூடத் தெரியாது. அக்கா தலை எண்ணும்போது செய்தி வாசிக்கும் குரலில் கூடவே வாசிப்பாள். சாப்பாட்டை, மழையை, மேடத்தின் செருப்புச் சத்தத்தை, எதையும் விடமாட்டாள். அப்படிப்பட்டவள் திடீரென்று அடங்கிப்போனாள். கூப்பிட்டால் தலையை மட்டும் ஆட்டினாள். மூன்று நாள் பார்த்துவிட்டு, அக்கா நடத்தைப் பதிவேட்டை எடுத்து அவள் பெயருக்கு நேரே எழுதினாள்: 'அமைதி, பணிவு. நல்ல முன்னேற்றம்.' எழுதியதோடு நிற்கவில்லை. தையல் பகுதிக்கே போய், இப்போதுதான் பார்க்க லட்சணமாக இருக்கிறாய் என்று சொல்லிவிட்டும் வந்தாள். ரேடியோ தலையாட்டினாள். பேச அவளிடம் மூச்சு இல்லை.

மறுநாள் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தவள் சரிந்து விழுந்தாள். பிள்ளைகள் அங்கே முகக்கவசம் தைத்துக்கொண்டிருந்தார்கள். ஊரிலுள்ள ஆபீஸ்களுக்கெல்லாம் நாலாயிரம், தைத்தவர்களுக்கு ஆளுக்கு இரண்டு. அக்கா ஓடிப்போய்த் தூக்கியபோது உதடு நீலம் பாரித்திருந்தது. கை சுட்டது. அந்தச் சூட்டுக்கு மெஷின் தேவைப்படவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் பேசினார். ஒரு வாரத்துக்கு மேலான காய்ச்சல், இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் சொல்வதற்கில்லை என்றார். உள்ளே வேறு யாருக்கு இருக்கிறது என்று இன்றைக்கே கண்டுபிடியுங்கள், எட்டாவது ஒன்பதாவது நாளில்தான் மூச்சு காலை வாரும் என்றார். சோதனை செய்யும் ஆட்கள் வர மூன்று நாள் ஆகுமாம்.

அக்கா கூடத்துக்குப் போய் யாருக்கு முடியவில்லை என்று கேட்டாள். அதட்டிக் கேட்டாள். கெஞ்சிக் கேட்டாள். இருபத்திரண்டு வாயும் ஒன்றுமில்லை என்றது. தையல் பகுதியில் ஊசி என்று ஒருத்தி உண்டு. வயது பதினேழு, கத்தரிப்பதும் அவள்தான், மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதும் அவள்தான். அக்கா அவளைத் தனியே பிடித்தாள்.

"உனக்குத் தெரியும். எத்தனை நாளா அவளுக்கு?"

"ஒம்போது நாளாக்கா."

"காலையில நான் சுடுறப்போ வரலையே?"

"ஈரத் துண்டு. விசில் ஊதுற வரைக்கும் நெத்தியில கட்டியிருப்போம். அவ மட்டும் ஈரமா நின்னா தெரிஞ்சுபோயிடும்னு எல்லாரும் நனைச்சுக்கிட்டு வந்து நிப்போம். வயித்துவலி மாத்திரையும் அவளுக்குத்தான் சேத்தோம்."

"சொல்லியிருக்கலாமேடி."

"சொன்னா பொந்துல போடுவீங்க."

அது பொந்து இல்லை என்று ஆரம்பித்தாள் அக்கா. அட்டையில் எழுதிய பெயர் வாயில் வரவில்லை.

"அவ ஏற்கெனவே ரெண்டு நாள் அதுல இருந்தவ," என்றாள் ஊசி. குரலில் கோபம்கூட இல்லை. "மூச்சு முட்டுதுன்னு கத்தினா. நீங்க அந்தப் பக்கமா வந்து, யாராச்சும் அந்த ரேடியோ சத்தத்தைக் கொறைங்கடின்னு சொல்லிட்டுப் போனீங்க. நாங்களும் சிரிச்சோம்."

"நானா? எதுக்குப் போட்டேன் அவள?"

"நீங்க எண்ணும்போது சிரிச்சா."

அக்காவுக்கு ஞாபகமே இல்லை. அறைக்குப் போய்ப் பழைய பதிவேட்டைப் புரட்டினாள். இருந்தது. குண்டு குண்டான அவள் கையெழுத்தில், 'ஒழுங்கீனம். இரண்டு நாள்.' அதற்கு முன்பும் பின்பும் வேறு பெயர்கள், அதே கையெழுத்து. தன் எழுத்து அழகு என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பக்கத்தில் அது அழகாகவே இருந்தது.

சாயங்காலம் சான்றிதழ் வந்து சேர்ந்தது. ஒரு தொற்றும் இல்லாத ஒரே இல்லம். அதை என்ன செய்வது என்று அக்கா கேட்க, மேடம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவ இப்ப ஆஸ்பத்திரியிலதானே இருக்கா? இல்லத்துக்குள்ள கணக்கு இன்னும் பூஜ்யம்தானே?" என்றார். கெட்டவர் அல்ல, மேலே பதில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். நேற்றுவரை அக்காவும் அப்படித்தான் கணக்குப் போட்டிருப்பாள் என்பதுதான் அக்காவைக் குத்தியது.

வீட்டுக்குப் போனால் அங்கே வேறு விதமாகக் காத்திருந்தது. தன் பெண்டாட்டி காவல் இருக்கும் இடத்தில் ஒருத்தருக்கும் நோய் அண்டவில்லை என்று கணவர் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். எதிர் வீட்டுக்காரி ஜன்னல் வழியாகக் கும்பிட்டாள். அக்கா திரும்பக் கும்பிடக் கையைத் தூக்கி, பாதியில் இறக்கி, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஏன் சாப்பிடவில்லை என்று கணவர் கேட்டதற்கு வயிற்றுவலி என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது.

மறுநாள் காலை, இரண்டாவது பூட்டைத் தாண்டும்போது பார்வையாளர் அறை கண்ணில் பட்டது. அம்மாக்களும் வக்கீல்களும் வந்து பேசும் அறை. பெரிய ஜன்னல் இரண்டு, மின்விசிறி, பக்கத்திலேயே குழாய். யாரும் வரக்கூடாது என்று நிறுத்திய நாளிலிருந்து சும்மா கிடந்தது. இத்தனை நாள் தினம் நாலு தடவை அதைத் தாண்டிப் போயிருக்கிறாள். வெளி ஆட்கள் உட்காருவதற்கு என்று கட்டிய அறையில் உள்ளே இருக்கும் பிள்ளை படுக்கலாம் என்று ஒருத்தர் புத்தியிலும் தட்டவில்லை. மேலிடத்துக்கு எழுதிக் கேட்போம் என்றார் மேடம்.

"எழுதுங்க மேடம். பதில் வர்றதுக்குள்ள நான் கட்டிலத் தூக்கிப் போட்டுடுறேன்."

சமையல்காரம்மா ஒரு பக்கம் பிடிக்க, அக்கா ஒரு பக்கம் பிடிக்க, ஆறு கட்டில்கள் போயின. பிறகு பிள்ளைகளைக் கூடத்தில் உட்காரவைத்து, தானும் தரையில் உட்கார்ந்தாள்.

"அவள நான்தான் உள்ள போட்டேன். எதுக்குப் போட்டேன்னுகூட எனக்கு ஞாபகமில்ல. உங்களுக்கெல்லாம் ஞாபகமிருக்கு." பார்வையாளர் அறைப் பக்கம் கையைக் காட்டினாள். "இந்த ரூமுக்கு வெளியில தாழ்ப்பாள் கெடையாது. வக்கீலுங்க பேசுற ரூமு, தாழ்ப்பாள் உள்பக்கம். போறவங்க போட்டுக்கலாம். முடியாதவங்க போங்க. நான் யாரையும் சுட்டுப் பாக்கப் போறதில்ல."

யாரும் அசையவில்லை. கால் மணி நேரம் ஆயிற்று. அக்கா எழுந்திருக்கவும் இல்லை, நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. யாரோ இருமலை அடக்கும் சத்தம் கேட்டது. கடைசியில் ஊசி எழுந்தாள். நாலு நாளாகத் தனக்கும் இருக்கிறது என்றாள். அவள் பின்னால் இன்னொருத்தி. அப்புறம் பதின்மூன்று வயதுக்காரி ஒருத்தி, போர்வையை இழுத்துக்கொண்டு. மொத்தம் ஐந்து பேர். அக்காவைக் கடந்து, ஒவ்வொருத்தியாக அந்த அறைக்குள் போனார்கள். கதவைச் சாத்திக்கொண்டார்கள். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

அக்கா டாக்டருக்குப் போன் செய்து ஐந்து என்றாள். அவர் மாத்திரை விவரம் சொன்னார். ரேடியோ கண் திறந்துவிட்டாள், பேச்சுதான் இன்னும் வரவில்லை என்றார்.

மத்தியானம் வெந்நீர்ச் செம்பும் மாத்திரையுமாகப் போனவள், போகிற வேகத்தில் தோளால் கதவைத் தள்ளினாள். அது அசையவில்லை. 'ஏய்' என்ற சத்தம் தொண்டை வரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, செம்பைத் தரையில் வைத்தாள். விரலை மடக்கி, மெதுவாக இரண்டு தட்டு தட்டினாள்.

"யாரு?" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

"நாந்தாம்மா. வரலாமா?"

உள்ளே ஏதோ கலந்து பேசிக்கொண்டார்கள். அக்கா ஓரடி பின்னால் நகர்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.