தையலை உள்ளே மடக்க மாட்டோம்

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, அந்தமானில் மழை விடாமல் கொட்டிய ஒரு ஜூலை மாதப் பிற்பகலில், போர்ட் பிளேரின் டெய்ரி ஃபார்ம் பகுதியில் உள்ள எங்கள் தையற்கடையில் நடந்தது இது.

இத்தாலியில் நடக்கவிருந்த ஆடை அலங்காரக் காட்சிக்கான தேர்வில் என் லாத்தாவின், அதாவது மூத்த சகோதரியின், உடைகள் இறுதிச் சுற்றை எட்டியிருந்தன. அன்று காணொலி வழியே நேர்காணல். திரையில் இத்தாலியப் பெண்மணி ஒருவரும், ஏற்பாடு செய்த மும்பை முகவரும் இருந்தனர். லாத்தாவுக்குத் தமிழும் தீவின் இந்தியும் சரளம்; ஆங்கிலம் தடுமாறும். ஆகவே, பேச்சுப் போட்டிகளில் கோப்பைகள் வென்ற நான் அவளுடைய நாவாக அமர்ந்தேன்.

லாத்தா தைக்கும் உடைகளில் தையல் ஓரங்கள் வெளிப்புறம் தெரியும். எங்கள் தீவின் மழையில் உள்ளே மடங்கிய ஓரம் எளிதில் காயாது. பூஞ்சை பிடித்துத் தோலை அரிக்கும். அதனால் எங்கள் அத்தா, அதாவது அப்பா, பள்ளிச் சீருடையைக்கூட ஓரம் வெளியே இருக்குமாறுதான் தைப்பார். "சட்டையத் திருப்பிப் போட்டிருக்கியா?" என்று வகுப்பில் எங்களைச் சீண்டாதவர் இல்லை. அந்த ஓரங்களுக்கே வேறு நிறத்தில் கரை கட்டி, உடலைச் சுற்றி ஓடும் கோடுகளாக்கியவள் லாத்தா.

முகவருக்கு அது பிடிக்கவில்லை. ஓரங்களை உள்ளே மடக்கச் சொன்னார். அதோடு நிற்கவில்லை. அந்தமான் என்றால் உலகம் ஆதிவாசிகளைத்தான் அறியுமாம். அவர்களின் உடல் ஓவியங்களைத் துணியில் அச்சிட்டால் இடம் உறுதி என்றார்.

நான் தமிழில் சொல்லி முடித்ததும் லாத்தா சிரித்தாள்.

"அவங்க கோலம் அவங்களோடது. நாம கப்பல்ல வந்த தையக்காரக் குடும்பம். ஓரமும் மாறாது. அப்படியே சொல்லு."

மடிக்கணினிக்குப் பின்னால் நின்ற அத்தா பதறினார். "ஏம்மா, கொஞ்சம் பதமாச் சொல்லு. இந்த வாய்ப்பும் கப்பலு மாதிரி, போச்சுன்னா போச்சு!"

"போனாப் போவட்டும்த்தா. அடுத்த கப்பல் வராமலா போயிரும்?" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "மேடையில மைக்கையே முழுங்குவ. இப்ப எதுக்குடி முழிக்கிற? போல் தே, சொல்லிடு!"

சொற்களைத் தேனில் தோய்க்க எனக்குத் தெரியும். 'யோசித்துச் சொல்கிறோம்' என்று கதவைப் பாதி திறந்து வைத்திருக்கலாம். வைக்கவில்லை. அவள் சொன்னதை, ஒரு சொல்லும் குறையாமல், ஆங்கிலத்தில் சொன்னேன்.

முகவர் பேச்சை முடிக்கப் போனார். அத்தா தையல் இயந்திரத்தின் மீது தலை கவிழ்ந்தார். அப்போது அந்த இத்தாலியப் பெண்மணி குறுக்கிட்டார்: ஓரம் ஏன் வெளியே இருக்கிறது?

நான் வாயைத் திறப்பதற்குள் லாத்தா மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். தகரக் கூரையிலிருந்து கொட்டும் நீரையும், கொடியில் ஈரம் உலராமல் தொங்கிய சட்டைகளையும் காட்டினாள்.

"ரெய்ன்" என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்கு நான் தேவைப்படவில்லை. அவள் தேர்வானாள். இன்று அவள் உடைகள் மிலானில் விற்கின்றன, ஓரங்கள் வெளியே தெரிய.

ஒவ்வொரு மேடையிலும் 'கொஞ்சம் பதமாக' என்று நாக்கு நழுவப் பார்க்கையில், மழையையே தூக்கிக் காட்டிய அந்தக் கைகள் கண்முன் வருகின்றன. என் சொற்களின் ஓரத்தையும் நான் உள்ளே மடக்குவதில்லை.